கறுப்பு என்றால் சத்தா?

மொலாசஸ் பற்றிய சமையற்குறிப்புகளை முன்வைத்து ஒரு விமர்சனம்

வேதியியல் ஆய்வகத்தில் மாணவர் ஒருவரிடம் ஒரு செய்முறைத் தாளைக் கொடுக்கிறோம். அதில் "அமிலம் 10 மி.லி. எடுத்துக்கொள்க" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்த அமிலம்? அதன் செறிவு எவ்வளவு? இவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தாளை நாம் ஏற்போமா? ஒருநாளும் ஏற்க மாட்டோம். ஆனால் இதே குறைபாடுள்ள தாள் சமையலறைக்குள் நுழையும்போது நம்மில் எவரும் கேள்வி கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு குறிப்பையும், அதைச் சுற்றி வளர்ந்துள்ள ஒரு நம்பிக்கையையும் சற்று உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பார்பெக்யூ என்று ஓர் உணவு முறை உண்டு. இறைச்சியை மிதமான வெப்பத்தில், விறகுப் புகையில், பல மணி நேரம் பொறுமையாக வேகவைப்பார்கள். அதனுடன் சேரும் சாஸ் ஊருக்கு ஊர் மாறுபடும். வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் அது காடியும் மிளகாயும் சேர்ந்த நீர்த்த கலவை. தென் கரோலினாவின் சில பகுதிகளில் கடுகுச் சாந்து. மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரின் பெயரால் இன்று வழங்குவதோ தக்காளியும் மொலாசஸும் சேர்ந்த, தடித்த, இனிப்பான சாஸ். அந்நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையிட்ட இறைச்சி விற்றுப் பெயர் பெற்ற ஹென்றி பெர்ரி தந்த சாஸ் காரம் மிகுந்தது என்பார்கள். இன்றைய இனிப்பு வகையை நாடெங்கும் பரப்பியதில் பெரும் பங்கு, அந்நகரின் குழந்தை மனநல மருத்துவர் ரிச் டேவிஸ் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய சாஸுக்கு உண்டு. 1986இல் அது ஒரு பெரிய நிறுவனத்தின் கைக்கு மாறிக் கடைதோறும் கிடைக்கலாயிற்று. அந்தச் சுவையை வீட்டிலேயே கொண்டுவர விரும்புவோருக்காக எழுதப்பட்ட குறிப்புகள் ஏராளம்.

அக்குறிப்புகளின் பொது வடிவம் ஏறக்குறைய இதுதான்: தக்காளி கெச்சப் 2 கப், காடி அரை கப், பழுப்புச் சர்க்கரை கால் கப், மொலாசஸ் கால் கப், பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள் தேவையான அளவு. எல்லாம் சரி. ஆனால் எந்த மொலாசஸ்? கடைக்குப் போனால் மென்வகை, அடர்வகை, பிளாக்ஸ்டிராப் என்று மூன்று புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. "எதுவானாலும் சரி" என்கிறது ஒரு குறிப்பு. "கறுப்பானதை வாங்குங்கள், சத்து மிகுதி" என்கிறது மற்றொன்று. முதலாவது பொறுப்பற்றது. இரண்டாவது தவறானது. ஏன் என்று பார்ப்போம்.

மொலாசஸ் என்பது யாது?

கரும்புச் சாற்றைத் தெளியவைத்துச் சுண்டக் காய்ச்சினால் சர்க்கரை படிகமாகத் திரளத் தொடங்கும். ஆலைகளில் இதைக் காற்றழுத்தம் குறைந்த வெற்றிடக் கொப்பரையில் செய்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். எனவே சர்க்கரை கருகாது. பின்பு மையவிலக்குப் பொறியில் இட்டு வேகமாகச் சுழற்றினால் படிகங்கள் சல்லடையில் தங்க, பாகு வெளியே தெறிக்கும். வெளியேறிய அந்தப் பாகுதான் மொலாசஸ்.

முதல் முறை பிரிந்த பாகில் இன்னும் நிறையச் சர்க்கரை இருக்கும். எனவே அதை மீண்டும் காய்ச்சிச் சுழற்றுவார்கள். மூன்றாம் முறையும் அவ்வாறே. ஒவ்வொரு முறையும் சர்க்கரை குறைகிறது. படிகமாக மறுக்கும் பொருள்களான தாது உப்புகள், கரிம அமிலங்கள், நிறப்பொருள்கள், கசப்புப் பொருள்கள் யாவும் பின்தங்கிச் செறிவடைகின்றன. முதல் காய்ச்சலுக்குரியது மென்வகை, இரண்டாவது அடர்வகை, கடைசியானது பிளாக்ஸ்டிராப் என்பது பொதுவான கணக்கு. ஆயினும் இப்பெயர்கள் விற்பனையாளர் சூட்டுபவை. ஒருவருடைய "அடர்வகை" இன்னொருவருடைய "மென்வகை"யை ஒத்திருக்கலாம்.

ஆகவே புட்டியின் மேல் உள்ள பெயர் எதைச் சொல்கிறது? உள்ளே எவ்வளவு சத்து சேர்க்கப்பட்டது என்பதையன்று. எவ்வளவு சர்க்கரை எடுக்கப்பட்டுவிட்டது என்பதையே சொல்கிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஒரு சொல்லும் ஒரு குழப்பமும்

தமிழில் எழுதுவோர் சிலர் மொலாசஸ் என்பதை "வெல்லப்பாகு" என்று மொழிபெயர்த்து விடுகின்றனர். இது பொருந்தாது. வெல்லம் காய்ச்சும்போது நாம் எதையும் பிரித்தெடுப்பதில்லை. சாறு முழுவதும், அதன் சர்க்கரையும் பிறவும் சேர்ந்தே, கொப்பரையில் இறுகுகின்றன. மொலாசஸ் அப்படியன்று, சர்க்கரை போக எஞ்சியது. நம் சர்க்கரை ஆலைகளில் வழங்கும் "கழிவுப்பாகு" என்ற சொல்லே அதன் பிறப்பைச் சரியாகச் சொல்கிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு. மென்வகை என விற்கப்படுபவற்றுள் சில, சர்க்கரையைப் பிரிக்காமல் சாற்றையே பாகாக்கிச் செய்தவை. அவை மட்டும் நம் வெல்லப்பாகுக்கு ஓரளவு நெருங்கிய உறவு.

இச்சொல் ஆராய்ச்சி வெறும் பண்டிதம் அன்று. குறிப்பைப் படித்துவிட்டு நம் ஊரில் எவரேனும் கழிவுப்பாகைத் தேடிச் செல்லக்கூடும். நம் ஆலைகளிலிருந்து வெளிவரும் கழிவுப்பாகு பெரும்பாலும் எரிசாராய ஆலைகளுக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் போவது. மனிதர் உண்பதற்குரிய தூய்மையுடன் அது கையாளப்படுவதில்லை. அதை வாங்கிச் சமைக்கக் கூடாது. உணவுக்கென்றே அடைக்கப்பட்ட புட்டி கிடைக்காவிடில் வெல்லப்பாகைக் கொண்டு சாஸ் செய்யலாம். மொலாசஸின் கசப்பும் புகைமணமும் வராது; ஆனால் உடலுக்குத் தீங்கும் வராது.

கறுப்பின் மீது ஏறிய ஒளிவட்டம்

"கறுப்பானதே சத்தானது" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அது பரவுவதற்குப் பெரிதும் துணைநின்ற நூல் ஒன்று உண்டு. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற கேலார்டு ஹவுசர் 1950இல் "லுக் யங்கர், லிவ் லாங்கர்" என்ற நூலை வெளியிட்டார். இளமையாகத் தோன்றுவதற்கும் நீண்ட நாள் வாழ்வதற்கும் வழி கூறும் அந்நூல் மிகப் பெருமளவில் விற்பனையாயிற்று. அவர் உயர்த்திப் பிடித்த ஐந்து "அற்புத உணவுகள்" ஈஸ்டு, கொழுப்பு நீக்கிய பால்மாவு, தயிர், கோதுமை முளை, பிளாக்ஸ்டிராப் மொலாசஸ் ஆகியவை.

நூலை முழுவதும் தள்ளிவிடுதல் நியாயமாகாது. தீட்டித் தீட்டி வெளுப்பாக்கிய உணவுகளில் சத்துகள் இழக்கப்படுகின்றன என்று சாதாரண மக்களுக்குப் புரியும்படி சொன்னது அதன் நற்பணி. தயிரையும் கோதுமை முளையையும் பலரது மேசைக்குக் கொண்டுவந்ததையும் பாராட்டலாம். தவறு வேறிடத்தில் உள்ளது. "இதில் இன்ன சத்து இருக்கிறது" என்ற உண்மையிலிருந்து "இதை உண்டால் இன்ன நலம் விளையும்" என்ற முடிவுக்கு, இடையில் அளவு என்னும் பாலமே இல்லாமல், ஒரே தாவாகத் தாவியதுதான் அத்தவறு. 1951இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கடையில் மொலாசஸ் பெட்டிகளோடு இந்நூலின் பிரதிகளையும் அமெரிக்க அரசு கைப்பற்றியது. பொருளை விற்பதற்காக அதனுடன் வைக்கப்பட்டதால் நூலும் பொருளின் விளம்பரச் சீட்டாகவே கருதப்பட்டது. ஒரு புத்தகம் புட்டியின் லேபிளாக மாறிய விந்தை அது! வழக்கு முடிந்து பல்லாண்டுகள் ஆகியும் அந்தத் தாவல் மட்டும் சமையற்குறிப்புகளில் தொடர்கிறது.

அளவைக் கொண்டு பார்த்தால்

வாசகரே, இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மேசைக்கரண்டி மொலாசஸ் ஏறக்குறைய 20 கிராம். அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைகளின்படி சாதாரண மொலாசஸில் அந்த அளவுக்குச் சுமார் 0.9 மி.கி. இரும்பு உண்டு, பிளாக்ஸ்டிராப்பில் சுமார் 3.5 மி.கி. கிட்டத்தட்ட நான்கு மடங்கு! இதைப் பார்த்தவுடன் கறுப்புப் புட்டியை எடுக்கத் தோன்றும். ஆனால் நாம் குடிக்கப் போவது மொலாசஸை அன்று; சாஸைத் தொட்டுக்கொள்ளப் போகிறோம்.

மேற்சொன்ன குறிப்பில் கால் கப், அதாவது 4 மேசைக்கரண்டி மொலாசஸ் சேர்கிறது. சுண்டியபின் சாஸ் 40 மேசைக்கரண்டி கிடைப்பதாகக் கொள்வோம். ஒருவர் 2 கரண்டி எடுத்தால் 20 பேருக்கு ஆயிற்று. பிளாக்ஸ்டிராப் சேர்த்தால் மொத்த இரும்பு 14 மி.கி.; ஒருவர் பங்கு 0.7 மி.கி. சாதாரண மொலாசஸ் சேர்த்தால் மொத்தம் 3.6 மி.கி.; ஒருவர் பங்கு 0.18 மி.கி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரை மில்லிகிராம். மாதவிடாய்ப் பருவத்துப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு அந்நாட்டில் பரிந்துரைக்கப்படும் இரும்பு 18 மி.கி. ஆகும். அரை மில்லிகிராம் எந்த மூலைக்கு?

அதே 2 கரண்டி சாஸில், கெச்சப், பழுப்புச் சர்க்கரை, மொலாசஸ் ஆகிய மூன்றிலிருந்தும் சேரும் சர்க்கரையோ ஏறக்குறைய 10 கிராம். சத்துக்காகச் சாஸை உண்பது, அரைக் காசு வட்டிக்காகப் பத்துக் காசு வண்டிக்கூலி கொடுப்பதை ஒக்கும். தனியாகக் கரண்டி கரண்டியாகக் குடிப்போருக்கும் ஓர் எச்சரிக்கை. பிளாக்ஸ்டிராப்பிலும் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். ஒரு கரண்டியில் 500 மி.கி. அளவுக்குப் பொட்டாசியமும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடக் கூடாது. இரத்தசோகை என்று சோதனையில் தெரிந்தவர் நாட வேண்டியது மருத்துவரை. கறுப்புப் புட்டியை அன்று. நம் நாட்டில் இரத்தசோகையால் வாடும் பெண்கள் மிகப் பலர். எனவேதான் ஒரு சாஸ் குறிப்பில் வரும் ஒற்றை வரியை இவ்வளவு தூரம் விவாதிக்க வேண்டியிருக்கிறது.

தடிப்பைப் பற்றிய தவறு

குறிப்புகளில் காணும் மற்றொரு வாசகம்: "தடித்த மொலாசஸைச் சேர்த்தால் சாஸ் தடிக்கும்." இயற்பியல் படித்தவர் இதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பைப் பாகுநிலை என்கிறோம். மொலாசஸின் பாகுநிலை அறை வெப்பநிலையில் தண்ணீரைப் போல் பல ஆயிரம் மடங்கு. ஆனால் நீர் சேர்ந்தால் அது சரிகிற வேகம் வியப்பூட்டும். 20 டிகிரி சென்டிகிரேடில் 60 சதவீதச் சர்க்கரைக் கரைசலின் பாகுநிலை தண்ணீரைப் போல் சுமார் 58 மடங்கு. 40 சதவீதக் கரைசலில் அது வெறும் 6 மடங்கு. 20 சதவீதத்தில் 2 மடங்கு. நம் சாஸில் உள்ள சர்க்கரை 40 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே சர்க்கரையால் மட்டும் அது தடிக்க வழியில்லை. தடிப்பைத் தருவது தக்காளியின் சதைத் துகள்களும் பெக்டினும்தான். தடித்த சாஸ் வேண்டுமானால் மிதமான தீயில் இன்னும் சற்று நேரம் சுண்டவிடுங்கள். மொலாசஸை மாற்ற வேண்டியதில்லை.

கடையில் புட்டியைச் சாய்த்துப் பார்த்துத் தரம் காண்பதும் பயனற்றது. பாகுநிலை வெப்பநிலையைப் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது. குளிர்ந்தால் கெட்டி, சூடேறினால் இளக்கம். 1919 ஜனவரி 15 அன்று பாஸ்டன் நகரில் எரிசாராயத் தயாரிப்புக்காகச் சேமித்திருந்த பெரிய மொலாசஸ் தொட்டி உடைந்து, சுமார் 87 லட்சம் லிட்டர் பாகு தெருவில் பாய்ந்து 21 பேர் இறந்தனர். கப்பலில் புதிதாக வந்த பாகு வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்தது. பாய்ந்தபின் குளிர்காலக் காற்றில் குளிர்ந்து இறுகியதால், சிக்கியவர்களை மீட்பது மேலும் கடினமாயிற்று. ஒரே பொருள், ஒரே நாள். ஆனால் வெப்பநிலைக்கேற்ப இரு வேறு நடத்தை.

அப்படியானால் எதைத் தேர்வது?

குறை கூறுவதோடு நிறுத்திக்கொள்வது விமர்சனத்துக்கு அழகன்று. ஆகவே என் முடிவையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மொலாசஸிடம் சாஸ் எதிர்பார்ப்பது இனிப்பை அன்று. இனிப்பைக் கெச்சப்பும் பழுப்புச் சர்க்கரையும் தந்துவிடுகின்றன. அமெரிக்கப் பழுப்புச் சர்க்கரை என்பதே பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையில் சிறிதளவு மொலாசஸ் கலந்ததுதான். அடர்நிற வகையில்கூட அது 6 அல்லது 7 சதவீதத்தைத் தாண்டாது. மொலாசஸ் தரவேண்டியது ஆழ்ந்த நிறம், புகையோடு ஒத்துப்போகும் மணம், இனிப்பைத் திகட்டாமல் நிறுத்தும் இலேசான கசப்பு. மென்வகை இதில் சற்றுப் பின்தங்கும். பிளாக்ஸ்டிராப் எல்லை மீறும். அதன் உப்புகளும் கசப்பும் தக்காளியை அமுக்கிவிடும். எனவே தக்காளி சாஸுக்கு அடர்வகையே பொருத்தமானது. பிளாக்ஸ்டிராப்தான் கையில் இருக்கிறது என்றால், சொன்ன அளவில் கால் பங்கு மட்டும் அதைச் சேர்த்து, மீதிக்கு மென்வகையோ வெல்லப்பாகோ சேருங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்து இடுங்கள்.

இரண்டாவது, "கந்தகம் சேராதது" என்று குறித்த புட்டியை வாங்குங்கள். முற்றாத கரும்பின் சாற்றைப் பக்குவப்படுத்தவும் கெடாமல் காக்கவும் கந்தக டை ஆக்சைடு சேர்ப்பதுண்டு. அதன் வாடை சாஸில் தங்கும். ஆஸ்துமா உள்ளோரில் சிலருக்கு அது ஒவ்வாது.

மூன்றாவது, எந்த வகையானாலும் சாஸை முதலிலேயே இறைச்சியின் மேல் பூசாதீர்கள். மொலாசஸில் சுக்ரோஸ் மட்டுமின்றி, அது பிளவுபட்டு உண்டான குளுக்கோஸும் ஃப்ருக்டோஸும் உள்ளன. சுக்ரோஸ் கருகத் தொடங்குவது சுமார் 160 டிகிரியில். ஃப்ருக்டோஸ் சுமார் 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். சாஸில் ஈரம் இருக்கும்வரை அது ஆவியாவதற்கே வெப்பம் செலவாவதால் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரம் வற்றியதும் சரசரவென ஏறும். ஆகவே கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசினால் பளபளப்பு. முதலில் பூசினால் கரி.

நீங்களே செய்து பாருங்கள்

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். கிடைக்கும் வகைகளை, வெல்லப்பாகையும் சேர்த்து, ஒவ்வொரு கண்ணாடிக் குவளையில் ஒரு தேக்கரண்டி இடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துத் தேக்கரண்டி வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கலக்குங்கள். வெள்ளைத் தாளின்மேல் வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். பிறகு அரைத் தேக்கரண்டி காடி சேர்த்துச் சிறிது சுவைத்து, அரை நிமிடம் கழித்து நாவில் எஞ்சும் சுவையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் தெரிவது இனிப்பு. பின்னால் எஞ்சுவதே உண்மையான வேறுபாடு. ஒவ்வொரு சோதனைக்கும் இடையே வாய் கொப்பளிக்க மறவாதீர்கள். எந்தக் குவளை எது என்று தெரியாதபடி இன்னொருவரைக் கொண்டு மாற்றி வைத்துச் சுவைத்தால் இன்னும் நல்லது. "கறுப்பானதே உயர்ந்தது" என்ற முன்முடிவு நம் நாவை ஏமாற்றாது.

ஒரு குறிப்பு என்பது ஒரு வாக்குறுதி. "இன்னதை இவ்வளவு, இப்படிச் செய்தால் இது விளையும்" என்று எழுதுபவர் உறுதி கூறுகிறார். பொருளின் வகையைச் சொல்லாத குறிப்பு அந்த வாக்கைக் காப்பாற்ற இயலாது. அளவைச் சொல்லாத நலக்கூற்றும் அப்படியே. அடுத்த முறை "இதில் இரும்புச் சத்து இருக்கிறது" என்று எவரேனும் எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னாலும், வாசகரே, இரண்டே கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு? நான் உண்ணும் அளவில் எவ்வளவு? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு புட்டியைக் கையில் எடுக்கலாம்.